பினாயில் தெரு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கம்பெனி. இறைச்சிக் கடைகளில் யாரும் வாங்காமல் மிஞ்சுகிற குடல், இறகு, தோல், எலும்பு எல்லாவற்றையும் லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிப் பெரிய கொப்பரைகளில் வேகவைப்பார்கள். கொழுப்பைத் தனியாக எடுத்து சோப்புக்கு அனுப்புவார்கள். மிச்சத்தைக் காயவைத்துத் தூளாக்கிக் கோழித் தீவனத்துக்கு அனுப்புவார்கள். செத்த கோழியை அரைத்துத்தான் உயிரோடு இருக்கிற கோழிக்குப் போடுகிறார்கள் என்று என் கொழுந்தன் சொன்ன அன்று நான் சாப்பிடவில்லை. அவன் அங்கேதான் வேலை பார்க்கிறான். கொப்பரைக்கு அடியில் நெருப்பையும் மேலே ஆவி போகிற மூடிகளையும் கவனித்துக்கொள்கிற வேலை.

அந்த நாற்றத்தை நாற்றம் என்று சொன்னால் மற்ற நாற்றங்கள் கோபித்துக்கொள்ளும். சாக்கடைக்குக்கூட ஒரு மரியாதை உண்டு. பக்கத்தில் போனால் வரும், தள்ளிப் போனால் விட்டுவிடும். இது விடாது. தலைமுடியில் உட்காரும், தலையணையில் உட்காரும், வாயைத் திறந்தால் நாக்கில் வந்து உட்காரும். தொடங்கும்போது ஏதோ கறி வேகிற மாதிரி இருக்கும், லேசாகப் பசிகூட எடுக்கும். அடுத்த மூச்சில் அதற்கு அடியிலிருந்து அழுகலும் கருகிய முடியும் சேர்ந்து கிளம்பி வயிற்றைப் பிரட்டும். அந்த முதல் மூச்சுப் பசியை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கும். என் சின்ன மகள் இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சாப்பிடப் பழகிவிட்டாள். பள்ளிக்கூடத்திலும் அப்படியே சாப்பிட்டு மற்ற பிள்ளைகளிடம் கேலி வாங்கிக்கொண்டு வருவாள்.

நான் தையற்காரி. பின் அறையில் இரண்டு மெஷின் போட்டிருக்கிறேன். ஒரு பெரிய தனியார் பள்ளிக்கூடத்தின் சீருடை முழுவதும் என்னிடம்தான் வருகிறது. என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவர் சம்பளம் வீட்டு வாடகைக்கும் வாய்க்கும் சரியாகப் போய்விடும், மற்றதெல்லாம் இந்தச் சீருடைதான். துணிக்கு நாற்றம் என்றால் அவ்வளவு பிரியம், பார்த்த உடனே ஒட்டிக்கொள்ளும். அதனால் தைத்து முடித்ததும் அலசி, வாசனைத் தண்ணீர் தெளித்து, இஸ்திரி போட்டு, சூடு ஆறுவதற்குள் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டிவிடுவேன். பள்ளிக்கூடத்து மேலாளரம்மா அளவு பார்க்கவோ துணி கொடுக்கவோ வீட்டுக்கு வந்தால், அன்று காலையிலிருந்தே வீட்டில் எனக்கு வேறு வேலை கிடையாது.

எங்கள் தெருவுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. யாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதில்லை, தானாக வந்தது. தெருமுனையில் வெளி ஆள் தலை தெரிந்தால், முதலில் பார்க்கிறவர் பக்கத்து வீட்டுக்கு "ஆள் வராங்க" என்பார். அவ்வளவுதான். அது வீடு வீடாக ஓடும். பின்பக்க ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்படும். வாசலிலிருந்து சமையல்கட்டு வரை பினாயில் தண்ணீர். ஊதுபத்தி. அடுப்பில் ஒரு பாத்திரத்தில் ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் கொதிக்கும். ஒரு வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்காக எல்லா வீட்டிலும் துடைப்போம். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்க மாட்டோம், குப்பை வண்டிக்காரனிடம் ஒருத்தியைப் பற்றி ஒருத்தி வத்தி வைப்போம். பினாயிலில் மட்டும் நாங்கள் ஒரு தாய் மக்கள்.

இதில் கோடி வீட்டு அக்காதான் கைதேர்ந்தவர். மாடியில் மூன்று அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். அறை பார்க்க வருகிறவர்களைக் காற்று அந்தப் பக்கம் அடிக்கிற நேரமாகப் பார்த்து வரச் சொல்வார். "எங்க தெரு எப்பவுமே வாசனையா இருக்கும், பாருங்க" என்று வாய் கூசாமல் சொல்வார். வந்தவர்கள் முன்பணம் கொடுத்துக் குடியேறிய பிறகு காற்று இந்தப் பக்கம் திரும்பும். அவர்களும் பினாயில் வாங்கக் கற்றுக்கொள்வார்கள்.

இப்படிப் பூசி மெழுகிப் பிழைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, கம்பெனி இரண்டாவது கொதிகலன் வைக்கப் போகிறது என்று தெரிந்ததே தற்செயல்தான். தண்ணீர் வரி கட்ட நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளுக்கு மேலே, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு அறிவிப்பு. எறும்பு வரிசை மாதிரி எழுத்து. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று தலைப்பு மட்டும் படிக்க முடிந்தது. யாருடைய கருத்தைக் கேட்க வேண்டுமோ அவர்கள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒட்டியிருந்த அந்தச் சாமர்த்தியத்துக்கே ஒரு விருது கொடுக்கலாம். நாற்காலிகளை நகர்த்தி, கண்ணாடியில் மூக்கை வைத்து முழுவதும் படித்தேன். புதிய கொதிகலனும் புகைபோக்கியும் வரப்போவது என் தையல் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே.

அன்று சாயங்காலம் தெருவையே என் வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"இப்ப பாதி நாள் நாறுது. அது வந்துச்சுன்னா ராத்திரி பகல்னு இல்லாம நாறும். நாம போய்ச் சொல்லணும்," என்றேன்.

"சொல்லிட்டு?" என்றார் கோடி வீட்டு அக்கா. "நாறுற தெருன்னு நாமளே மைக்ல சொன்னா, நாளைக்கு என் ரூமுக்கு எவன் வருவான்? உன்கிட்ட எந்த ஸ்கூலு துணி குடுக்கும்? யோசிச்சுப் பேசும்மா."

அக்கா கேட்டதில் தப்பில்லை. எனக்கும் அதே பயம்தான்.

"அக்கா, அது வந்துட்டா பினாயில் பத்தாது. பினாயில்லயே நாம குளிக்கணும்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு, வருகிறோம் என்றார்கள். அக்காவும் வேண்டா வெறுப்பாகத் தலையாட்டினார்.

என் வீட்டுக்காரர் மட்டும் ராத்திரி மெதுவாக ஆரம்பித்தார். "தம்பி அங்க வேலை பாக்கறான். நீ போய் மைக் புடிச்சேன்னா அவன் கதி என்ன?"

தம்பியே வந்து அதைச் சொன்னான். "அண்ணி, வாய வெச்சுக்கிட்டு சும்மா இருங்க. கூட்டம் நடக்கற அன்னிக்கு மூடி எல்லாத்தையும் சாத்தி வைக்கச் சொல்லிட்டாங்க. லோடையும் கொறைச்சிருவாங்க. யாராவது பாக்க வந்தாக்கூட ஒரு வாடையும் வராது. நீங்கதான் பொய் சொன்ன மாதிரி நிப்பீங்க."

"மூடி யாரு கையில இருக்கு?" என்று கேட்டேன்.

அவன் சின்னவளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போய்விட்டான்.

கூட்டம் ஊரின் அந்தக் கோடியில், குளிர்சாதனம் போட்ட ஒரு விழா மண்டபத்தில் நடந்தது. போக இரண்டு பஸ் மாற வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முன்வரிசைகள் நிறைந்திருந்தன. எல்லோர் தலையிலும் ஒரே நிறத்தில் புதுத் தொப்பி. மேடையில் தலைமை அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் குறிப்பெடுக்கிற உதவியாளர், அவருக்குப் பக்கத்தில் கம்பெனியின் மக்கள் தொடர்பு ஆள். இந்த ஆளுக்கு எங்கள் தெருவில் 'பல்லு' என்று பெயர். போன மழைக்குக் கம்பெனிக் கழிவு எங்கள் வாசல்வரை வந்தபோது வந்து பார்த்தவர் இவர்தான். புழு நெளிகிற தண்ணீரில் நின்றுகொண்டு முழுப் பல்லையும் காட்டிச் சிரித்தார். அன்று வைத்த பெயர்.

பல்லு திரையில் படம் காட்டினார். கொதிகலன் பச்சையாக இருந்தது. புகைபோக்கி வெள்ளையாக இருந்தது. இரண்டு பக்கமும் மரம், மேலே ஒரு பறவை. எங்கள் வீடுகளைத் தேடினேன். அவை இருக்க வேண்டிய இடத்தில் புல்வெளி வரைந்திருந்தார்கள். எனக்கு அந்தக் குளிரிலும் உடம்பு எரிந்தது. எங்களைக் காலி செய்யும் சிரமத்தைக்கூடப் படாமல் புல்லால் மூடிவிட்டார்கள்.

"இது நாற்றம் இல்ல. தொழில் சார்ந்த ஒரு இயல்பான வாசம்," என்று சொல்லிச் சிரித்தார் பல்லு.

அடுத்து தொப்பிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம், முடிந்தால் மணி அடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். யாருக்கும் மணி தேவைப்படவில்லை. கம்பெனி வந்தால் வேலை வரும், நாங்கள் முழு மனதாக வரவேற்கிறோம் என்று ஒரே வாக்கியத்தை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் மறந்துபோய்ப் பக்கத்து ஆளிடம் கேட்டுவிட்டு மீதியைச் சொன்னார். அதிகாரி எல்லோருக்கும் தலையாட்டினார்.

அதன் பிறகு பல்லு, "இந்தப் பகுதிக்கு அடிக்கடி வந்து போற ஒரு கல்வியாளர்" என்று ஒருவரை அழைத்தார். எழுந்தது என் மேலாளரம்மா.

அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவர் காசு வாங்கிக்கொண்டு பேசவில்லை, தனக்குத் தெரிந்த உண்மையைப் பேசினார். "எங்க ஸ்கூல் சீருடையை ஆலைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற ஒரு தையற்காரம்மாதான் தைக்கறாங்க. நான் அவங்க வீட்டுக்குப் பல தடவை போயிருக்கேன். ஒரு நாள்கூட நாத்தம் வந்ததில்ல. சொல்லப்போனா அந்தத் தெருவே கமகமன்னு இருக்கும். நாத்தம்னு சொல்றவங்க கொஞ்சம் மிகைப்படுத்தறாங்கன்னு நினைக்கறேன்." சொல்லிவிட்டுக் கூட்டத்தில் என்னைப் பார்த்துப் பாசமாகச் சிரித்தார்.

இத்தனை வருஷம் ஊற்றின பினாயில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து கம்பெனிக்காகச் சாட்சி சொல்லிவிட்டது.

அடுத்த பெயர் என்னுடையது. மைக்கை நோக்கி நடக்கும்போது கோடி வீட்டு அக்கா என் கையைப் பிடித்து, "வேணாம், உன் பொழப்ப நீயே கெடுத்துக்காத" என்றார். மேலாளரம்மா முன்னால் உட்கார்ந்திருக்க, நாறுகிறது என்று சொன்னால் என் சீருடையும் நாறுகிறது என்றுதான் அர்த்தம். வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்போது சின்னவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுகிற முகம் கண்ணில் வந்தது.

"மேடம் சொன்னது உண்மைதான். அவங்க வரும்போது நாத்தம் வராது. ஏன்னா அவங்க வர்றாங்கன்னு தெரிஞ்சா காலையிலருந்து நான் வீட்டக் கழுவறேன். ஜன்னலச் சாத்தறேன். பத்தி கொளுத்தறேன். நான் மட்டும் இல்ல, தெருவே அப்படித்தான் செய்யுது. வெக்கமா இருக்கு சார், அதான் மறைச்சோம். நாங்க தைக்கற துணி, படுக்கற பாய், திங்கற சோறு எல்லாம் நாறுது. நான் பேசறத நம்ப வேணாம். நீங்க வாங்க. சொல்லாமக் கொள்ளாம இப்பவே வாங்க. ஒரே ஒரு தடவ மூச்சு இழுத்துப் பாருங்க. போதும்."

மணி அடித்தது. மேலாளரம்மாவின் முகம் சுண்டிப்போயிருந்தது. மடியில் இருந்த கையை எடுத்துத் தன் கைக்குட்டையை முகர்ந்து பார்த்தார்.

அதிகாரி பல்லுவைப் பார்த்தார். பல்லு முதல் முறையாகப் பல்லை மூடினார். "சரிம்மா, நேர்லயே பார்த்துரலாம். சாப்பிட்டுட்டுக் கிளம்புவோம்," என்றார் அதிகாரி.

எங்கள் தெருக்காரர்கள் என் தோளைத் தட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மேடையில் இருந்தவர்கள் பக்கத்து அறையில் கம்பெனி வாங்கிக் கொடுத்த கோழிக்கறியை ஒரு கட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே போய்க் கொழுந்தனுக்குப் போன் போட்டேன்.

"அதிகாரிங்க தெருவுக்கு வர்றாங்க. மூடியத் திறந்து விடுப்பா," என்றேன்.

"அண்ணி, என் வேலை போயிரும்."

"தெரியும்."

அவன் போனை வைத்துவிட்டான்.

அதிகாரியின் கார் முன்னால் போக, கம்பெனிக்காரர்களே ஒரு வேனில் எங்களை ஏற்றிப் பின்னால் கொண்டுவந்தார்கள். தெருமுனையில் வேன் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வாசல்கள் எல்லாம் நனைந்து பளபளத்தன. பினாயில் மூக்கில் அறைந்தது. அதற்கு மேலே மல்லிகைப் பத்தி, சந்தனப் பத்தி, யாரோ ஒருவர் வீட்டு சென்ட். திறந்த ஜன்னல் ஒன்றுகூட இல்லை. கூட்டத்துக்கு வராமல் வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் தலை வாரி, முகம் கழுவி, வாசலில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு முன் இருக்கையில் கோடி வீட்டு அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் வேற ஒண்ணும் சொல்லலம்மா. ஆள் வராங்கன்னு மட்டும்தான் போன்ல சொன்னேன். நாறுதுன்னு ஆபீசரே எழுதிட்டா என் ரூமுக்கு எவன் வருவான்னு," என்றார்.

என் வீட்டு வாசலில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். பேண்ட் முழங்கால்வரை மடித்து விட்டிருந்தார். கையில் துடைப்பக் கட்டை. கல்யாணமான நாளிலிருந்து அதைத் தொடாத மனுஷன். நெற்றியெல்லாம் வேர்வை. "தெரு முழுக்கச் சொல்லிச்சு. நீ இல்லையேன்னு நானே எல்லாம் பண்ணிட்டேன். ஆரஞ்சுத் தோல்கூடப் போட்டிருக்கேன்," என்று என் காதில் சொன்னார். பெருமை தாங்கவில்லை அவருக்கு. நான் அவரைத் திட்டியிருக்க வேண்டும்.

அதிகாரி காரிலிருந்து இறங்கி என் வீட்டுக்குள் வந்தார். பின்னாலேயே உதவியாளர், பல்லு. அதிகாரி மூக்கை உயர்த்தி நன்றாக மூச்சு இழுத்தார். அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே நாற்றத்தைத் தேடினார். அதுதான் எனக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல். "தையல் ரூம் எதும்மா?" என்று கேட்டுக்கொண்டே பின் அறைக்கு வந்தார்.

அந்த ஒரு ஜன்னலைச் சாத்த என் வீட்டுக்காரர் மறந்திருந்தார். மெஷினுக்குப் பின்னால் அது ஒரு பக்கம் திறந்து கிடந்தது. அதிகாரி அதை நோக்கி நடந்தார். நான் அவரைத் தாண்டிப் போனேன். போய் ஜன்னலைச் சாத்தினேன். கொக்கி போட்டேன். திரையை இழுத்து விட்டேன். "தூசி வரும் சார், உக்காருங்க," என்றேன்.

இதை நான் யோசித்துச் செய்யவில்லை. வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறார், ஜன்னல் திறந்திருக்கிறது, கை தானாகப் போய்விட்டது. கொக்கி விழுந்த சத்தம் காதில் கேட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. என் கையை அப்படியே வெட்டிப் போடலாம் போல இருந்தது.

"சார், இருங்க, இருங்க," என்று கத்தினேன். கொக்கியை எடுக்க வரவில்லை. திறந்தபோது நாற்றம் உள்ளே வந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதற்குள் அதிகாரி முன் அறைக்குத் திரும்பியிருந்தார். என் வீட்டுக்காரர் அவர் கையில் பழரசம் கொடுத்திருந்தார்.

"சார், இங்க வாங்க, இப்ப பாருங்க," என்றேன்.

உதவியாளர் மட்டும் எட்டிப் பார்த்தார். அடுப்பில் ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் கொதித்துக்கொண்டிருந்தன. அவர் மூக்கைச் சுருக்கி, "லேசா ஏதோ வருது. என்ன, சமையலா?" என்றார். பல்லு அவருக்குப் பின்னால் நின்று முழுப் பல்லையும் காட்டினார்.

"கறி வேகுது போல," என்றார் பல்லு.

உதவியாளர் எழுதிக்கொண்டார். அதிகாரி தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "வீட்ட ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்கம்மா. எங்க வீட்டுலகூட இப்படி இல்ல," என்று மனசாரச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது தெருவில் நின்றவர்கள் எல்லோரும் அவருக்கு வணக்கம் வைத்தார்கள்.

நான் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். கம்பெனி நாற்றத்துக்கு நான் வாந்தி எடுப்பதை விட்டு வருஷக்கணக்காகிறது. அன்று எடுத்தது பினாயில் வாடைக்கு.

இருட்டுகிற நேரத்தில் கொழுந்தன் வந்தான். வாசலிலேயே நின்றான். உடம்பெல்லாம் ஏதோ கசகசவென்று ஒட்டியிருந்தது.

"மேல இருந்து எறக்கிட்டாங்க அண்ணி. லாரியில வர்ற குடலக் கையால அள்ளிக் கொட்டற இடத்துக்கு மாத்திட்டாங்க. பரவால்ல," என்றான். பிறகு முகம் மலர்ந்து, "எல்லா மூடியையும் திறந்து விட்டேன். எனக்கே நிக்க முடியல. அந்த ஆபீசர் மூஞ்சி எப்படி இருந்துச்சு, சொல்லுங்க," என்று கேட்டான்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் துடைப்பக் கட்டையைப் பார்த்தார்.

"முதல்ல குளி," என்றேன். நான் ஜன்னலைச் சாத்தியதை அவனுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. அடுத்த வாரத்திலிருந்து என்னைக் கண்டால் 'அண்ணி' என்று கூப்பிடுவதில்லை.

அந்த வாரமே மேலாளரம்மாவும் போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை. அழுதுவிடுகிற குரலில் பேசினார். "நீங்க சொன்னதுக்கப்புறம் வீட்டுக்குப் போய் என் பையன் சட்டைய மோந்து பாத்தேம்மா. உறைக்குள்ள இருக்கற வரைக்கும் தெரியல. ரெண்டு நாள் கழிச்சு வேர்த்தா வருது. இத்தனை பிள்ளைங்க போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. இனிமே வேற எடத்துல குடுக்கலாம்னு இருக்கோம். தப்பா நினைக்காதீங்க." இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அந்த மண்டபத்தில் அத்தனை பேரில் நான் சொன்னதை நம்பியவர் அவர் ஒருவர்தான். அதற்கு அவர் கொடுத்த தண்டனையும் நியாயமான தண்டனைதான்.

இரண்டாவது கொதிகலனுக்கு அனுமதி கிடைத்தது. உத்தரவில், பொதுமக்களின் கருத்துகள் முழுமையாகக் கேட்கப்பட்டன, நேரடி ஆய்வில் சமையல் வாசனை தவிர வேறு ஒன்றும் உணரப்படவில்லை, தெருவாசிகள் சுகாதாரத்தில் முன்மாதிரியாக இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். தெருவாசிகளின் நலனுக்காகக் கம்பெனி மாதந்தோறும் வாசனைத் தரைத் திரவம் வழங்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் இருந்தது.

மாதம் பிறந்ததும் வேன் வந்தது. பல்லு நின்று சிரித்துச் சிரித்துக் கொடுத்தார். வீட்டுக்கு ஒரு கேன், லாவெண்டர் வாசனை. எங்கள் தெரு வரிசையில் நின்று வாங்கியது. என் வீட்டுக்காரரும் நின்றார். "சும்மா குடுக்கறான், ஏன் விடணும்?" என்றார். பின் அறையில் மெஷின்கள் இரண்டும் உறை போட்டு மூடிக் கிடக்க, அவற்றுக்கு அடியில் அந்தக் கேனை வைத்தார்.

புகைபோக்கி என் ஜன்னலுக்கு நேரே எழும்பி நின்றபோது ஒரு நாள் தெரு முழுவதும் "ஆள் வராங்க" என்று ஓடியது. கோடி வீட்டு மாடி அறையைப் பார்க்க ஒரு புருஷன், பொண்டாட்டி, இடுப்பில் ஒரு குழந்தை. பக்கத்து வீடுகளில் ஜன்னல்கள் சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. லாவெண்டர் கிளம்பியது. என் வீட்டுக்காரர் டிப்போவில் இருந்தார். நான் எழுந்திருக்கவில்லை.

அறையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்த அந்தப் பெண் என் வாசலில் நின்றாள். சின்னப் பெண். கோடி வீட்டு அக்கா அவளுக்குப் பின்னால் நின்று என்னிடம் கண்ணால் கெஞ்சினார்.

"அக்கா, ரூம் புடிச்சிருக்கு. இந்தத் தெருவுல தண்ணி, கிண்ணி ஏதாவது பிரச்சினை இருக்கா? நீங்க ரொம்ப நாளா இருக்கீங்களாமே," என்றாள்.

"உள்ள வாம்மா," என்றேன். குழந்தையோடு அவளைப் பின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரையை விலக்கினேன், கொக்கியை எடுத்தேன், இரண்டு கதவையும் முழுதாகத் தள்ளித் திறந்தேன்.

"மூச்ச இழு," என்றேன்.

அவள் இழுப்பதற்கு முன்பே குழந்தை ஓங்கரித்து அவள் தோளில் கக்கியது. அவள் அவசரமாகக் குழந்தையின் முகத்தைத் தன் மார்போடு அழுத்தி மூடினாள். கண்ணெல்லாம் தண்ணீர். வாசலில் அக்கா தலையில் அடித்துக்கொண்டு என்னைத் திட்டுவது கேட்டது. அந்தப் பெண் ஓடிவிடவில்லை. நின்று, மூடிக் கிடந்த மெஷின்களையும் ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க எப்படிக்கா இங்க இருக்கீங்க?" என்று கேட்டாள்.

உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இந்த முறை யாரும் மூன்று நிமிடம் வைத்து மணி அடிக்கவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசியிருக்கலாம். எனக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.